பட்டங்களில் எழுதப்பட்ட குடும்ப வரலாறு: நெதர்லாந்தின் ஆரஞ்சு-நாசாவ் வம்சம்

நெதர்லாந்தில் இன்றும் இயற்றப்படும் சட்டங்கள் ஒரே பாணியில்தான் தொடங்குகின்றன: “கடவுளின் அருளால் நெதர்லாந்தின் அரசரும், ஆரஞ்சு-நாசாவ் இளவரசரும், முதலியன, முதலியன, முதலியனவுமான வில்லெம்-அலெக்சாந்தர் ஆகிய நாம், இதைக் காண்போர் அல்லது வாசிக்கக் கேட்போர் அனைவருக்கும் வணக்கம் கூறி அறிவிப்பது.” அந்த மூன்று ‘முதலியன’வுக்குள் வேர, விளிசிங்கன் ஆகிய துறைமுகங்களின் மார்க்விஸ் பட்டமும், காட்சனெல்ன்போகன், வியாண்டன், டீட்ஸ், ஸ்பீகல்பெர்க், பூரன், லேர்டாம், கூலம்போர்க் ஆகிய இடங்களின் கவுண்ட் பட்டங்களும், ஆன்ட்வெர்ப் நகரின் வைகவுண்ட் பட்டமும், பிரேடா, டீஸ்ட், கிராவ, ஐசல்ஸ்டைன், ஐந்தோவன் என நீளும் பாரன் பட்டங்களும், அமெலாந்து தீவின் பரம்பரைத் தலைமையும், அவற்றுக்குப் பின் ஏறக்குறைய இருபது ஊர்களின் பிரபுத்துவமும் அடங்கிக் கிடக்கின்றன. (மார்க்விஸ், கவுண்ட், வைகவுண்ட், பாரன் என்பவை மேலிருந்து கீழாக ஐரோப்பியப் பிரபுக்களின் படிகள்.)

இந்தப் பட்டியலைப் பழங்கால ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். நான் அப்படிக் கருதவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு திருமணமோ, ஓர் உயிலோ, ஒரு கிரயமோ, தலைமுறைகளைத் தாண்டிய ஒரு வழக்கோ நிற்கிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஐரோப்பிய அரச வம்சங்களைப் பற்றி நாம் வழக்கமாக நம்பிவரும் ஒன்று இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை பொருந்தவில்லை என்பது தெளிவாகிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு அறுபடாமல் இறங்கிய இரத்தமே பட்டத்தைச் சுமந்து வந்தது என்பதுதான் அந்த நம்பிக்கை. ஆரஞ்சு-நாசாவ் குடும்பத்தில் அந்த இழை பலமுறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் அதை முடிச்சுப் போட்டுக் காத்தவை உயில்களும், ஒப்பந்தங்களும், பெண்வழி உரிமைகளுமே.

தொடக்கம் ஜெர்மனியில். லான் ஆற்றங்கரையில் லாரன்பர்க் என்ற இடத்தின் கவுண்டுகளாக இருந்தவர்கள் 12ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த நாசாவ் கோட்டையின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். 1255இல் வால்ராம், ஓட்டோ என்ற இரு சகோதரர்கள் அந்த ஆற்றையே எல்லையாகக் கொண்டு குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வால்ராமின் மகன் அடால்ஃப் 1292இல் ஜெர்மனியின் அரசராகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1298இல் கோல்ஹைம் போரில் உயிரிழந்தார். ஓட்டோவின் கிளைக்கு அத்தகைய ஏற்றம் எதுவும் அப்போது வாய்க்கவில்லை. டில்லன்பர்க் என்ற மலையூரைச் சுற்றிய சிறு நிலப்பகுதியை மறுபடியும் மறுபடியும் பங்கிட்டுக்கொண்டு அது காலம் கழித்தது. பிற்காலத்தில் நெதர்லாந்தை ஆண்டது இந்த எளிய கிளைதான். 1255இன் அந்தப் பாகப்பிரிவினையை மறந்துவிட வேண்டாம்; ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து அது ஒரு நாட்டையே கைமாற்றப் போகிறது.

நெதர்லாந்து மண்ணில் அவர்கள் காலூன்றியது 1403இல். அந்த ஆண்டு டில்லன்பர்க் கிளையைச் சேர்ந்த ஏங்கல்பெர்ட், பிரேடாவின் ஒரே வாரிசான யோஹன்னா வான் போலானனை மணந்தார். மணமகள் 1392இல் பிறந்தவர். பதினொரு வயதுச் சிறுமி. அவரோடு பிரேடா நகரமும், போலானனும், வடக்கே பல சிறு நிலப்பகுதிகளும் நாசாவ் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. லான் பள்ளத்தாக்கின் நடுத்தர ஜெர்மானியப் பிரபு ஒருவர், ஒரே திருமணத்தால் பிரபான்ட் பகுதியின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவரானார். 1417இல், அவருடைய பாட்டி அடெல்ஹைட் வழியாக, இன்றைய லக்சம்பர்க்கில் உள்ள வியாண்டன் கோட்டையும் அதன் கவுண்ட் பட்டமும் அவருக்கு வந்தன. ஆக, ‘பிரேடாவின் பாரன்’, ‘போலானனின் பிரபு’, ‘வியாண்டனின் கவுண்ட்’ ஆகிய மூன்றுமே பெண்கள் வழியாக வந்தவை. வம்ச அட்டவணைகளில் இந்தப் பெண்களின் பெயர்கள் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிடப்படுவது எனக்கு எப்போதும் நெருடலாகவே இருக்கிறது.

பிரேடாவின் பெரிய தேவாலயத்தில் இந்தக் காலத்து நாசாவ் குடும்பத்தினர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்குள்ள இரண்டாம் ஏங்கல்பெர்ட்டின் நினைவிடத்தில் அவரும் மனைவி சிம்பர்காவும் கீழே கிடத்தப்பட்டிருக்க, மூலைக்கு ஒருவராகப் பழங்கால வீரர்கள் நால்வர் முழந்தாளிட்டு, ஒரு கற்பலகையைத் தோளில் தாங்குகிறார்கள். பலகையின் மேல் ஏங்கல்பெர்ட்டின் போர்க்கவசம் துண்டு துண்டாகக் கல்லில் செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மார்க்கவசம் ஓரிடம், தலைக்கவசம் ஓரிடம், கையுறை ஓரிடம். ஜூலியஸ் சீசரையும் ஹன்னிபாலையும் ஒரு கவுண்டின் கவசத்தைச் சுமக்க வைக்கும் துணிவு வந்திருக்கிறது என்றால், அப்போது நெதர்லாந்துப் பகுதிகளை ஆண்ட பர்கண்டி அரசவையில் அந்தக் குடும்பம் அதற்குள் எந்த உயரத்தை எட்டியிருந்தது என்பதை வேறு ஆவணம் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

இனி ‘ஆரஞ்சு’. தென் பிரான்சில் அவிஞோன் நகருக்கு வடக்கே, ரோன் ஆற்றை ஒட்டி அமைந்த ஒரு சிறு நாடு அது. ரோமானியர் காலத்து அரங்கம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. போ என்ற குடும்பத்திடமிருந்து, மரீ என்ற இளவரசியின் திருமணம் வழியாக, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஷாலோன் குடும்பத்துக்கு வந்தது. 1515இல் பிரேடாவின் மூன்றாம் ஹென்ட்ரிக், ஷாலோன் குடும்பத்துப் பெண்ணான குளோடியாவை மணந்தார். குளோடியாவின் சகோதரர் ஃபிலிபெர்ட், ஆரஞ்சின் இளவரசர். ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசரின் படைத்தலைவர். 1530இல் ஃபிளாரன்ஸ் முற்றுகையின்போது அவர் போர்க்களத்தில் இறந்தார். திருமணமாகவில்லை. எனவே அவருடைய நிலங்களும் பட்டமும், பெயரையும் குலச்சின்னத்தையும் காக்க வேண்டும் என்ற கட்டளையோடு, குளோடியாவின் மகன் ரெனேவுக்குச் சென்றன. நாசாவ் குடும்பத்தில் பிறந்த ரெனே ‘ரெனே ஷாலோன்’ ஆனார். ‘ஷாலோனை நிலைநிறுத்துவேன்’ என்ற பிரெஞ்சுக் குலவாக்கும் அவரோடு வந்தது. பிற்காலத்தில் அந்தக் குடும்பப் பெயர் உதிர்ந்து, ‘நான் நிலைநிறுத்துவேன்’ என்ற பகுதி மட்டும் எஞ்சி, இன்று நெதர்லாந்து நாட்டின் சின்னத்தில் நிற்கிறது.

ரெனேவுக்கும் வாரிசு நிலைக்கவில்லை. பிறந்த ஒரே மகள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டாள். 1544 ஜூலையில் சான்-டிசியே முற்றுகையில் காயமுற்று அவர் உயிர்விட்டபோது, போருக்குப் புறப்படும் முன் எழுதிவைத்த உயில் திறக்கப்பட்டது. எல்லாச் சொத்தும் பட்டமும் டில்லன்பர்க்கில் இருந்த பதினொரு வயதுச் சிற்றப்பா மகனுக்கு என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் நெதர்லாந்தின் தந்தை என்று போற்றப்பட்ட வில்லெம். ரெனேவுக்கு ஆரஞ்சு வந்தது தாய்வழியில். வில்லெமுக்கும் ரெனேவுக்கும் இருந்த உறவோ தந்தைவழியில். அதாவது, உலகெங்கும் ‘ஆரஞ்சு வம்சம்’ என்று அறியப்படும் குடும்பத்தின் மூலவர், ஷாலோன் குடும்பத்து வாரிசுரிமை எதுவும் இல்லாமல், ஓர் உயிலின் பலத்தால் மட்டுமே ஆரஞ்சின் இளவரசரானார். பேரரசர் சார்ல்ஸ் அதை ஏற்க ஒரு நிபந்தனை வைத்தார்: லுத்தரன் பெற்றோரிடமிருந்து பிரித்து, சிறுவனை நெதர்லாந்தில் கத்தோலிக்கனாக வளர்க்க வேண்டும். தந்தை இசைந்தார். அந்த இசைவிலிருந்துதான் இந்நாட்டின் பின்வந்த வரலாறு முழுவதும் கிளைத்தது.

அவ்வளவு சிறிய ஒரு நாட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் எதனால் என்று கேட்கலாம். பிரேடாவில் வில்லெம் ஒரு பாரன். மற்ற இடங்களில் கவுண்ட். எங்கும் வேறொருவரின் குடிமகன். ஆரஞ்சில் மட்டும் அவர் எவருக்கும் கட்டுப்படாத இறையாண்மை கொண்ட இளவரசர். அப்போது நெதர்லாந்தையும் ஆண்ட ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்புக்கு எதிராக அவர் ஆயுதம் ஏந்தியபோது இந்த வேறுபாடு உயிர்நாடியானது. ‘கடல் பிச்சைக்காரர்கள்’ எனப்பட்ட கலகக் கப்பல்காரர்களுக்கு, எதிரிக் கப்பல்களைக் கைப்பற்றும் அனுமதிக் கடிதங்களை அவர் ஆரஞ்சின் இளவரசர் என்ற தகுதியிலேயே வழங்கினார். இறையாண்மை உள்ளவர் ஒருவரின் முத்திரை இல்லாமல் போயிருந்தால், அவர்கள் வெறும் கடற்கொள்ளையர். 1572 ஏப்ரல் 1 அன்று அவர்கள் பிரீல துறைமுகத்தைக் கைப்பற்றியதே கிளர்ச்சியின் திருப்புமுனை. ஒரு பட்டம் காகிதத்தைத் தாண்டி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

‘பூரனின் கவுண்ட்’ என்ற பட்டம் வில்லெமின் முதல் திருமணத்தில் வந்தது. 1551இல் அவர் மணந்த ஆன்னா வான் எக்மோண்ட், பூரன், லேர்டாம், ஐசல்ஸ்டைன் ஆகியவற்றின் வாரிசு. இந்தப் பட்டம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் தனிச்சுவை: 1986இல், பதினொரு நகரங்களின் வழியே உறைந்த கால்வாய்களில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் ஃபிரீஸ்லாந்துப் பந்தயத்தில், இளவரசர் வில்லெம்-அலெக்சாந்தர் ‘டபிள்யூ. ஏ. வான் பூரன்’ என்ற பெயரில் பதிவுசெய்துகொண்டு பந்தயத்தை முடித்தார். பெயர் மறைத்துச் செல்ல விரும்பும் அரச குடும்பத்தவர், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மூதாதையின் சீதனத்தைத்தான் போர்வையாக எடுத்துக்கொள்கிறார்.

வேர, விளிசிங்கன் ஆகிய இரண்டும் வேறு வகை. அவற்றை 1581இல் வில்லெம் விலைகொடுத்து வாங்கினார். காரணம் அரசியல் கணக்கு. சேலாந்து மாகாண அவையில் மொத்தம் ஏழு வாக்குகள்: ஆறு நகரங்களுக்கு ஒவ்வொன்று, ‘முதற்பிரபு’வுக்கு ஒன்று. முதற்பிரபுவின் இடம் ஆரஞ்சு இளவரசர்களிடம் இருந்தது. அந்த ஆறு நகரங்களில் வேரயும் விளிசிங்கனும் இரண்டு. அவற்றின் மார்க்விஸ் என்ற முறையில் அங்குள்ள நகர நிர்வாகிகளின் நியமனத்தில் அவருக்குக் கை இருந்தது. எனவே ஏழில் மூன்று வாக்குகள் அவர் பக்கம் சாயும். இன்னும் ஒரு நகரத்தை இணங்க வைத்தால் பெரும்பான்மை. பட்டியலில் அழகுக்காக நிற்பதுபோல் தோன்றும் ‘மார்க்விஸ்’ என்ற சொல், ஸ்பெயினிடமிருந்து பிரிந்த டச்சுக் குடியரசின் காலத்தில் ஒரு மாகாணத்தின் கடிவாளமாக இருந்தது.

காட்சனெல்ன்போகன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த ஜெர்மானியக் குறுநாட்டுக்காக நாசாவ் குடும்பமும் ஹெஸன் குடும்பமும் அரை நூற்றாண்டுக்கும் மேல் வழக்காடின. 1557இல் சமரசம் ஏற்பட்டு, நிலத்தின் பெரும்பகுதி ஹெஸனுக்கும், பணமும் டீட்ஸ் பகுதியும் நாசாவுக்கும் என்று முடிவானது. பட்டத்தை இரு குடும்பங்களும் வைத்துக்கொண்டன.

1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்டில் வில்லெம் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேடா அப்போது ஸ்பெயினின் கையில் இருந்ததால், அவரை மூதாதையர் கல்லறையில் அடக்கம் செய்ய இயலாமல் டெல்ஃப்டின் புதிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அன்று முதல் அரச குடும்பத்தின் கல்லறை அதுவே. கொலையாளி பால்தசார் கெரார்ட் கொடூரமாகத் தண்டிக்கப்பட்டார். ஆனால் அவருடைய குடும்பத்தை அரசர் ஃபிலிப் பிரபுத்துவ நிலைக்கு உயர்த்தி, ஃபிரான்ஷ்-கோந்தேயில் மூன்று நிலப்பகுதிகளை வழங்கினார். அவை வில்லெமின் குடும்பத்திடமிருந்தே பறித்தவை. பட்டம் என்பது ஒரு தரப்பின் நீதியையும் மறு தரப்பின் அநீதியையும் ஒரே மையால் எழுதக்கூடியது என்பதை நினைத்து நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அடுத்த ஆரஞ்சு இளவரசர் யார் என்ற கேள்விக்குப் பலர் மாரிட்ஸ் என்று பதில் சொல்வார்கள். வில்லெமின் மகனான அவர் கிளர்ச்சிப் படைகளின் தலைவர், ஹாலந்து மாகாணத்தின் ஆளுநர். எனினும் சட்டப்படி பட்டம் மூத்த மகனான ஃபிலிப்ஸ் வில்லெமுக்கே உரியது. லூவன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவரை 1568இல், பதின்மூன்று வயதில், ஸ்பானியர்கள் பிடித்துச் சென்றார்கள்; தந்தையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1596இல்தான் அவர் பிரஸல்ஸுக்குத் திரும்பினார், கத்தோலிக்கராகவும் ஸ்பெயின் அரசரின் விசுவாசியாகவும். தம்பி போர்க்களத்தில் வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள் முழுவதும் ‘ஆரஞ்சின் இளவரசர்’ எதிர்முகாமில் இருந்தார். தம்பி வெறும் ‘கவுண்ட் மாரிட்ஸ்’. 1618இல் அண்ணன் பிள்ளையின்றி இறந்த பிறகே பட்டம் மாரிட்ஸை வந்தடைந்தது. ஃபிலிப்ஸ் வில்லெம் அடக்கமாகியிருப்பது இன்றைய பெல்ஜியத்திலுள்ள டீஸ்ட் நகரில். பட்டியலில் உள்ள ‘டீஸ்ட்டின் பாரன்’ என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம், இரு உலகங்களுக்கும் முழுதாகச் சொந்தமாகாத அந்த மனிதர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

மாரிட்ஸ் திருமணமே செய்துகொள்ளவில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த அவருடைய பிள்ளைகள் நாசாவ் பெயரைத் தாங்கித் தனிக் கிளைகளாயினர். ஆரஞ்சுக்கு அவர்களுக்கு உரிமை இல்லை. எனவே மரணப்படுக்கையில் இருந்த மாரிட்ஸ், தம்பி ஃபிரெடரிக் ஹென்ட்ரிக்கை உடனே மணம் முடிக்கும்படி வற்புறுத்தினார். 1625 ஏப்ரலில் அமாலியா வான் சோல்ம்ஸுடன் திருமணம் நடந்தது, சில வாரங்களுக்குள் மாரிட்ஸ் காலமானார். ஃபிரெடரிக் ஹென்ட்ரிக்கின் மகன் இரண்டாம் வில்லெம் இங்கிலாந்து அரசரின் மகள் மேரியை மணந்து, 1650 நவம்பரில் அம்மை நோயால் இறந்தார். எட்டு நாள் கழித்துப் பிறந்த மூன்றாம் வில்லெம் பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசராகவும் ஆனார். 1702 மார்ச்சில் அவர் பிள்ளையின்றி இறந்ததும், 1584இல் டெல்ஃப்டில் வீழ்ந்தவரின் ஆண்வழி முற்றிலும் முடிந்துபோயிற்று.

இங்குதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. மூன்றாம் வில்லெம் தன் உயிலில், ஃபிரீஸ்லாந்தின் ஆளுநரான யோஹன் வில்லெம் ஃபிரிசோவை வாரிசாக அறிவித்திருந்தார். நாசாவ்-டீட்ஸ் கிளையைச் சேர்ந்த ஃபிரிசோ, 1584இல் கொல்லப்பட்ட வில்லெமின் சகோதரர் யானின் வழித்தோன்றல். பாட்டி அல்பர்டினா ஆக்னஸ் வழியாக ஃபிரெடரிக் ஹென்ட்ரிக்கின் கொள்ளுப்பேரன். பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெடரிக்கோ, ஃபிரெடரிக் ஹென்ட்ரிக்கின் மூத்த மகள் லூயீஸ ஹென்ரியெட்டின் மகன். ஆண்வழி அற்றால் சொத்து மூத்த மகளின் வழிக்குச் செல்ல வேண்டும் என்று பாட்டனார் உயில் எழுதியிருக்கிறார், அதைப் பேரன் மாற்ற முடியாது என்பது பிரஷ்யாவின் வாதம். இரு தரப்பும் உரிமை கோரியது பெண்கள் வழியாகவே என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வழக்கைப் பேசித் தீர்க்க 1711 ஜூலை 14 அன்று ஃபிரிசோ போர்முனையிலிருந்து ஹேக் நகருக்குப் புறப்பட்டார். மூர்டைக் அருகே ஹாலந்த்ஸ் டீப் என்ற அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கும்போது மழைக்காகப் படகின் மேல் தன் கோச்சு வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தார். திடீர்ச் சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. இருபத்து மூன்று வயதில் அவர் மூழ்கி இறந்தார். மனைவி மரியா லூயீஸ அப்போது கர்ப்பிணி. செப்டம்பர் 1 அன்று லேயுவார்டன் நகரில் நான்காம் வில்லெம் பிறந்தார். மீண்டும் ஒரு முறை, தந்தை இறந்தபின் பிறந்த ஒரு குழந்தையின் மேல் வம்சம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பெல்ஜியம், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் இன்றைய அரசர்கள் அனைவரும் நீரில் மூழ்கிய அந்த இளைஞரின் வழித்தோன்றல்களே என்பதை எண்ணும்போது மலைப்பாக இருக்கிறது.

ஆரஞ்சு நாடு அதற்குள் போய்விட்டது. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அதைப் பிடித்துக்கொண்டார். 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரஷ்யா தன் உரிமையைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்து, பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது. 1732இல் பிரஷ்யாவும் நான்காம் வில்லெமும் சொத்துகளைப் பங்கிட்டு, ஆரஞ்சு இளவரசர் என்ற பட்டத்தை இரு குடும்பங்களுமே சூடலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். நிலமில்லாத பட்டத்தைப் பங்கிடுவதில் எவருக்கும் இழப்பில்லை. மறுபக்கம், புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு: ஃபிரிசோவின் தாய் ஹென்ரியெட் அமாலியா 1704இல் 1,70,000 கில்டருக்கு அமெலாந்து தீவை வாங்கியிருந்தார். ஓர் அன்னை தன் மகனுக்காக வாங்கிய மணல்தீவு இன்றும் அரசரின் பட்டங்களில் ஒன்றாக இருக்கிறது.

1747இல் ஏழு மாகாணங்களும் நான்காம் வில்லெமைத் தம் ஆளுநராக ஏற்று, அந்தப் பதவியைப் பரம்பரையாக்கின. ஆண்வழிக்கு மட்டுமின்றிப் பெண்வழிக்கும் அது செல்லும் என்றார்கள். அப்போது அவருக்கு உயிரோடிருந்த ஒரே பிள்ளை மகள் கரோலினா. மகன் பிறந்தது அடுத்த ஆண்டுதான். அந்த மகன் ஐந்தாம் வில்லெம் 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி, ஸ்கேவனிங்கன் கடற்கரையிலிருந்து மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக்கு ஓடினார். அவருடைய மகன் 1813 நவம்பர் 30 அன்று அதே கடற்கரையில் வந்திறங்கி, 1815இல் முதலாம் வில்லெம் என்ற பெயரில் அரசரானார். அந்த ஆண்டு நடந்த ஒரு கொடுக்கல்வாங்கல் பலர் கண்ணில் படுவதில்லை. டில்லன்பர்க், டீட்ஸ், சீகன், ஹடமார் ஆகிய பூர்விக நாசாவ் நிலங்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக லக்சம்பர்க்கின் பெருங்கோமகன் பட்டத்தை அவர் பெற்றார். ஆரஞ்சு 1713இல் போனது. நாசாவ் 1815இல் போனது. குடும்பத்தின் இரட்டைப் பெயரில் எந்தப் பாதிக்கும் அதன்பின் காலடி மண் இல்லை. பெயரோ முன்னெப்போதையும்விட உறுதியாக நிலைத்தது.

1255ஐ மறக்க வேண்டாம் என்றேன். பிரிந்துபோன நாசாவ் கிளைகள் 1783இல் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன: ஒரு கிளையில் ஆண்வழி அற்றால், அதன் நிலங்கள் மற்றக் கிளையின் ஆண்களுக்குச் செல்லும். லக்சம்பர்க்கும் அந்த விதிக்குள் வைக்கப்பட்டது. 1815இல் தொடங்கிய முடியரசின் மூன்றாம் வில்லெம் அரசருக்கு (1702இல் இறந்தவர் வேறு) முதல் திருமணத்தில் மூன்று மகன்கள். மூவரும் தந்தைக்கு முன்பே இறந்தார்கள், கடைசி மகன் அலெக்சாந்தர் 1884இல். 1890 நவம்பரில் அரசர் காலமானபோது எஞ்சியவர் இரண்டாம் திருமணத்தில் பிறந்த பத்து வயது வில்ஹெல்மினா மட்டுமே. நெதர்லாந்தின் அரசியலமைப்பு ஆண்வாரிசு இல்லாதபோது மகளை ஏற்றது; லக்சம்பர்க்கின் குடும்ப விதி ஏற்கவில்லை. எனவே நெதர்லாந்து வில்ஹெல்மினாவுக்கும், லக்சம்பர்க் வால்ராம் கிளையின் அடால்ஃபுக்கும் போயின. ஆற்றின் இரு கரைகளாகப் பிரிந்த சகோதரர்களின் வாரிசுகள் 635 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பங்கு பிரித்தார்கள். அடால்ஃபின் மகனுக்கும் பெண்குழந்தைகள் மட்டுமே பிறந்ததால், 1907இல் லக்சம்பர்க்கும் தன் விதியை மாற்றிப் பெண்ணை ஏற்க நேர்ந்தது.

அதற்குப்பின் நெதர்லாந்தை 123 ஆண்டுகள் தொடர்ந்து பெண்களே ஆண்டார்கள்: வில்ஹெல்மினா, யூலியானா, பியாட்ரிக்ஸ். ஐரோப்பிய வழக்கப்படி பார்த்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப் பெயர் கணவரின் பெயராக மாறியிருக்க வேண்டும்: முதலில் மெக்லன்பர்க், பிறகு லிப்பே-பீஸ்டர்ஃபெல்ட், பிறகு ஆம்ஸ்பெர்க். அது நடக்காமல் தடுத்தவை அரசாணைகள். 1908இல், முதல் குழந்தை பிறப்பதற்கு முன்பே, வில்ஹெல்மினாவின் வழித்தோன்றல்களுக்கு ஆரஞ்சு-நாசாவ் பெயரை உறுதிசெய்து, தந்தையின் மெக்லன்பர்க் பட்டத்தையும் பக்கத்தில் சேர்த்தார்கள். பியாட்ரிக்ஸின் பெயரோடு ‘லிப்பே-பீஸ்டர்ஃபெல்ட் இளவரசி’ என்பதும், அவருடைய மகன்களின் பெயரோடு ‘யோங்க்ஹேர் வான் ஆம்ஸ்பெர்க்’ என்பதும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டன. யோங்க்ஹேர் என்பது டச்சுப் பிரபுத்துவத்தின் அடிப்படைப் படி. பட்டமில்லாத பிரபுக்கள் பெயருக்கு முன் சூடுவது. அதைத் தந்தையின் நினைவாக அரசர் இன்றும் தாங்குகிறார். அவருடைய மகள்களுக்கு அது கொடுக்கப்படவில்லை.

தனியாக ‘ஆரஞ்சின் இளவரசர்’ என்ற பட்டம் வேறொரு பாதையில் சென்றது. முடியரசு தொடங்கியதும் அரசியலமைப்பு அதை அரசரின் மூத்த மகனுக்கு, அடுத்த வாரிசு என்ற முறையில் ஒதுக்கியது. மகளுக்கு இடமில்லை. ஆகவே 1884 முதல் 1980 வரை அப்பட்டத்தைச் சூட எவரும் இல்லை. மூன்று அரசிகளும் அதைச் சூடாமலேயே அரியணை ஏறினார்கள். 1983இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளையே வாரிசு என்றானது; 2002ஆம் ஆண்டின் அரச குடும்ப உறுப்பினர் சட்டம் பட்டத்தையும் பெண்ணுக்குத் திறந்தது. 2013 ஏப்ரல் 30 அன்று பியாட்ரிக்ஸ் பதவி விலகியதும், ஒன்பது வயது கத்தரீனா-அமாலியா தன் சொந்த உரிமையில் ஆரஞ்சின் இளவரசியானார். அவருக்கு முன் அப்படி ஒரு பெண் தன் உரிமையில் அப்பட்டத்தைத் தாங்கியது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போ குடும்பத்து மரீ.

ஆனால் இந்தத் திருத்தம் அரண்மனை வாசலோடு நின்றுவிட்டது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. நாட்டின் மற்றப் பிரபுக் குடும்பங்களின் பட்டங்களை, 1814இல் நிறுவப்பட்ட பிரபுத்துவ உயர்மன்றம் ஹேக் நகரில் பதிவுசெய்து பராமரிக்கிறது. 1848இன் அரசியலமைப்பு அவர்களுடைய அரசியல் சலுகைகளைப் பறித்துவிட்டது. எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. அந்தப் பெயர் யாருக்குச் செல்லும் என்பதை 1994இன் பிரபுத்துவச் சட்டம் முடிவுசெய்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் அது வழிவிட்டது. ஆனால் மகளின் வழியை ஏற்கவில்லை. ஒரு பாரனின் மகள் வாழ்நாள் முழுவதும் பிரபுத்துவப் பெண்தான். அவளுடைய பிள்ளைகள் அல்லர். இதை மாற்றினால் பிரபுக்களின் எண்ணிக்கை பெருகும், வரலாற்றுத் தன்மை குலையும் என்பது மறுப்போர் சொல்லும் காரணம். யோஹன்னா வான் போலானனும், குளோடியாவும், ஆன்னா வான் எக்மோண்டும், அல்பர்டினா ஆக்னஸும், வில்ஹெல்மினாவும் இல்லாமல் அந்த நாட்டின் முதல் குடும்பமே இன்று இருந்திராது என்னும்போது, எந்த வரலாற்றைக் காக்க அந்தச் சட்டம் முயல்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் விளைவு அரச குடும்பத்துக்குள்ளேயே தெரிகிறது. அரசரின் தம்பி கான்ஸ்டன்டைனின் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு-நாசாவ் கவுண்ட் அல்லது கவுண்டஸ் என்ற பட்டம் பிரபுத்துவச் சட்டத்தின்படி பரம்பரையாக வழங்கப்பட்டுள்ளது. இரண்டு மகள்கள், ஒரு மகன். அவர்களுடைய பெரியப்பா மகள் அமாலியா ஒருநாள் நாட்டை ஆள்வார். அந்த மகனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைத் தாங்குவார்கள். சகோதரிகள் இருவரின் பிள்ளைகளுக்கு, இன்றைய சட்டம் மாறாத வரை, அது கிடைக்காது.